பரந்தனில் பதினேழு நிமிடம்

"உயிர் பிரிஞ்ச நேரத்தைச் சரியாச் சொல்லுங்கோ," என்று ஐயர் இரண்டாம் தரமும் கேட்டார். மடியில் பஞ்சாங்கம் விரிந்து கிடந்தது.

சவப்பெட்டிக்குள் கிடந்த இளையதம்பியின் கால்மாட்டில் மகள் பிரியந்தினி இருந்தாள். அவளுடைய புருசன் கிருசாந்தன் மீசை மழித்து, ஈர வேட்டியோடு ஐயருக்கு முன்னால் நின்றான். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மருமகன்தான் கொள்ளி வைக்கவேண்டும்.

"பத்து இருபத்தஞ்சு," என்றான். "கரடிப்போக்குச் சந்தி தாண்டேக்க."

நேற்று ஆஸ்பத்திரியில் மரண விசாரணைக்கு வந்தவரிடமும் அதையேதான் சொல்லியிருந்தான். ஐயர் விரலால் கட்டங்களைத் தடவினார். பத்து இருபது வரைக்கும் சப்தமியாம், அதற்குப் பிறகு அட்டமியாம். அபரபக்க அட்டமி என்று கடதாசித் துண்டில் எழுதினார்.

பக்கத்து வளவு அன்னபாக்கியத்துக்கு அது போதவில்லை. பரந்தனில் இவையின்ர கார் கனநேரம் நின்றதைத் தேத்தண்ணிக் கடைக்காரன் கண்டவனாம் என்று, சுவரைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள். ரயருக்குக் காற்றுப் பார்த்ததென்றான் கிருசாந்தன்.

கண்டாவளையில் அந்தக் காரை அறியாதவர் இல்லை. வந்து ஏழு மாதமாகியும் சீற்றுப் பொலித்தீன் கழற்றப்படவில்லை. அதற்கு முன் கிருசாந்தன் ஒரு சைக்கிளுக்குச் செயின் கொழுவியதைக்கூட ஊர் கண்டதில்லை. கார் வந்தபிறகு போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே அரை மெக்கானிக் ஆகிவிட்டான். மற்ற அரை எப்போது வரும் என்றுதான் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலை இளையதம்பிக்கு நெஞ்சு இறுகியபோது, அம்புலன்சுக்கு அடிப்போம் என்றாள் அவருடைய மனைவி விமலேஸ்வரி. வாசலில் கார் நிற்க அம்புலன்ஸ் எதற்கு என்றான் மருமகன். மாமனாரை முன்சீற்றில் இருத்தி சீற் பெல்ற்றும் கொழுவிவிட்டான். பிரியந்தினி பின்னால் ஏறினாள். கொழுவியிருந்தும், கொழுவவில்லை என்று கார் கத்தத் தொடங்கியது. பரந்தன் சந்திக்கு வர, ஸ்ரியரிங்குக்குப் பின்னால் சிவப்பு வெளிச்சமும் சேர்ந்து மின்னியது.

சரியாகப் பத்து மணிக்கு ஓரங்கட்டினான். இந்தச் சத்தம் மாமாவின் நெஞ்சுக்குக் கூடாதென்றான்.

"மாமா, ஒருக்கா எழும்புங்கோ."

எந்த அரசாங்கக் கந்தோரிலும் இருக்கச் சொல்லும்வரை நின்றே பழகிய மனுசன். கதவைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். சத்தம் நின்றது. இருந்தார். பெல்ற்றைக் கொழுவியும் சத்தம் வந்தது. ஆள் இருக்கிறதைச் சீற் சரியாகத்தான் அறிகிறது, கொழுவுகிற இடத்தில்தான் பிழை என்று கிருசாந்தன் கண்டுபிடித்தான். கண்டுபிடித்ததை உறுதிப்படுத்த இன்னும் இரண்டு தரம் எழுப்பி இருத்தினான். முழங்கையைப் பிடித்திருந்த பிரியந்தினியின் உள்ளங்கை தகப்பனின் வியர்வையில் வழுக்கியது. இஞ்சேருங்கோ, பிறகு பாப்பம் என்று அவள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.

"பாக்கட்டும் பிள்ளை," என்றார் இளையதம்பி. "தம்பி ஆசையாப் பாக்கிறார்."

அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை.

கிருசாந்தன் அவளின் கொண்டை ஊசியை வாங்கி, பெல்ற்றின் நாக்குப் போகிற துவாரத்துக்குள் விட்டுக் குடைந்தான். போன கிழமை விதைநெல் மூட்டையை அந்தச் சீற்றில் பெல்ற் போட்டுத்தான் ஏற்றி வந்தவன். ஒரு நெல்லுமி வெளியே வந்தது. கொழுவினான். சத்தம் அடங்கியது.

அடங்கியதும் மற்றச் சத்தத்தை, தகப்பனின் மூச்சு இழுப்பை, அவள் தேடினாள். அதுவும் இல்லை. கார் மணிக்கூட்டில் பத்து பதினேழு. கிருசாந்தன் உமியை உள்ளங்கையில் ஏந்திக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்பிடம் அவளால் சொல்ல முடியவில்லை. பின்னால் ஏறி, தகப்பனின் தோளில் கையை வைத்துக்கொண்டாள். கரடிப்போக்கு தாண்டும்போது அவன் ஒருதரம் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். பிறகு ஆஸ்பத்திரி வாசல்வரை திரும்பவேயில்லை.

விமலேஸ்வரி பெட்டியின் தலைமாட்டில் இருந்து ஐயரின் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வடிவா யோசிச்சுச் சொல்லு பிள்ளை," என்றாள் மகளிடம். "நீதானே கிட்ட இருந்தனி. வருசா வருசம் திவசத்துக்கு நான் இலை போடுறது. அந்த மனுசன் சப்தமியில வந்து பாத்திட்டுப் பசியோட திரும்பினா, அட்டமியில நான் ஆருக்குப் படைக்கிறது?"

கிருசாந்தன் பிரியந்தினியைப் பார்த்தான். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பத்து பதினேழு," என்றாள் அவள். "பரந்தனில. கார் நிண்ட இடத்தில."

"ஏன் நிண்டது?" என்றாள் தாய்.

"பெல்ற் சத்தம் போட்டது. இவர் அதைப் பாத்தவர்."

"அப்பா?"

"அப்பாவை மூண்டுதரம் எழுப்பி இருத்தினது. நான்தான் பிடிச்சனான்."

நேற்றிலிருந்து இதற்காகவே காத்திருந்த அன்னபாக்கியம், கிடைத்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் சேலைத் தலைப்பில் நூல் பிடுங்கத் தொடங்கினாள். ஐயர் அட்டமியை வெட்டிச் சப்தமி என்று எழுதினார். விமலேஸ்வரி பெட்டிக்குள் கையை விட்டு, புருசனின் சட்டைப் பொத்தான் ஒன்றைச் சரியாகப் பூட்டினாள். நேரமெடுத்துப் பூட்டினாள்.

"தொடங்குங்கோ ஐயா," என்றாள்.

பறை எழும்பியது. கொள்ளிச்சட்டியைக் கொண்டுவந்து கிருசாந்தனின் கையில் கொடுத்தார்கள். மழித்த மேலுதட்டில் சவரக்கத்தி பட்ட இடத்தில் இன்னும் இரத்தம் கசிந்தது. ஈ ஒன்று வந்து அதில் குந்தியது. முகத்தை அசைத்திருந்தால் பறந்திருக்கும். அவன் அசைக்கவில்லை.