காயாத சாய்தளம்

காங்கிரீட் போட்டு ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு யாரும் கால் வைக்கக் கூடாது என்று கொத்தனார் சொல்லியிருந்தார். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே மஞ்சள் கயிறு கட்டியிருந்தேன். அப்பா கூடத்திலிருந்து நேராக நடந்து வந்தார். கயிற்றையும் ஒரு நாற்காலியையும் இழுத்துக்கொண்டு, ஒரு காலும் இரண்டு கையும் புதைய, ஈரக் காங்கிரீட்டில் விழுந்தார்.

வெளியே சட்டி கழுவிக்கொண்டிருந்த கொத்தனார் ஓடி வந்தார். இருவருமாகத் தூக்கி ஸ்டூலில் உட்கார வைத்தோம். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை.

"முதல் அடி உங்களோடதா இருக்கணும்னா சொல்லியிருக்கலாமே ஐயா, நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பேனே!" என்றார் கொத்தனார்.

"ஏதோ யோசனையில வந்துட்டேன்," என்றார் அப்பா.

எங்கள் வீடு மலைச்சரிவோடு சேர்ந்து இறங்கும். சரிவை வெட்டாமல் கட்டியதால் அறைக்கு அறை தரை தாழும். கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகும் நடைக்கு இரண்டு படி. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. ஐந்து நாளில் வாக்கரோடு வருகிறாள். அதற்குள் வீட்டைப் புதுப்பித்து முடிக்க வேண்டும், ஆனால் அது இதே வீடாகவும் இருக்க வேண்டும். திட்டம் என்னுடையது. சிவப்புத் தரையைப் பெயர்க்காமல் மெருகேற்றினோம். மர ஜன்னல்களின் பெயிண்டைச் சுரண்டி எண்ணெய் பூசினோம். ஒரு அடி இறக்கத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று கணக்குப் போட்டு, படிகளை மூடி நடை முழுக்கச் சாய்தளம். நான் படித்தது இயற்பியல். கொத்தனார் என்னை இஞ்சினியரம்மா என்பார், பாதி கிண்டல். மாதக் கடைசியில் நான் வேறு ஊரில் வேலைக்குச் சேர வேண்டும். அம்மாவை அப்பா பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு.

அப்பா எதையும் இடம் மாற்ற விடவில்லை. சுவிட்சுகள் பழைய உயரத்தில், பழைய இடத்தில். கதவுகள் அதே பக்கம் திறக்க வேண்டும். "பழசு பழசாவே இருக்கட்டும்மா." வேலை தொடங்கிய நாளிலிருந்தே சுவரை விரலால் தடவியபடியே நடந்தார். பூச்சு வேலையைப் பரிசோதிக்கிறார் என்று கொத்தனாரும் நானும் சிரித்துக்கொள்வோம். படிகளுக்காக மட்டும் ஒருமுறை சண்டை போட்டார். "அப்ப அம்மா என்ன, பறந்தா போவாங்க?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

துடைத்துக்கொள்ளத் துண்டை நீட்டினேன். அவருடைய வலது கைக்கு ஒரு சாண் தள்ளி.

"ஒரு துண்டு கொண்டு வாயேன்," என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் எதிர்ச் சுவரோரம் கிடந்த சிமென்ட் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மூட்டையில பாரு, உலர்ந்தங்கிறதுல ஒரு எழுத்தை விட்டுட்டான்." அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவர். நான் அங்கிருந்து படித்தால் எனக்கே அந்த எழுத்துகள் சரியாகத் தெரியாது.

துண்டை மெல்ல முன்னால் நகர்த்தினேன். தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. மூக்குக்கு நேராக வந்ததும் திடுக்கிட்டு, பிறகு வாங்கிக்கொண்டார்.

ஆய்வுக்கூடத்தில் சந்தேகம் வந்தால் இன்னொரு முறை அளந்து பார்ப்போம். எனக்கு இன்னொரு முறை செய்யத் துணிவு வரவில்லை.

"இஞ்சினியரம்மா, கால் தடத்தை இப்பப் பூசினாத்தான் உண்டு," என்றார் கொத்தனார். "அரை மணி போனா இறுகிடும். அப்புறம் வேணாம்னாலும் உடைச்சுத்தான் எடுக்கணும். என்ன செய்யட்டும்?"

பூசச் சொன்னால் அப்பாவின் கால்களுக்குத் தெரிந்த வீடு போய்விடும். காங்கிரீட்டை அள்ளி எடுக்கச் சொன்னால் அம்மா கூடத்தைத் தாண்ட முடியாது. பன்னிரண்டு அடியில் எனக்கு வேறு கணக்கு வரவில்லை. அப்பா உட்கார்ந்தபடியே ஒரு காலை நீட்டி, பழைய படியின் விளிம்பு இருந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. அம்மா. என் கை முழுக்கச் சிமென்ட். விரல் நுனியால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னடி, ரேம்ப் போட்டாச்சா? உங்கப்பா இருக்காரா? ஏங்க, உங்க பொண்ணு எல்லாத்தையும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவா. குத்தம் கண்டுபிடிக்க உங்களை விட்டா ஆள் உண்டா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க, எனக்கு இறங்க வருமா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்க்க அவர் தலையை முழுவதும் திருப்ப வேண்டியிருந்தது. கொத்தனார் கரணையில் சாந்தை அள்ளி, கால் தடத்துக்கு மேலே பிடித்தபடி குந்தியிருந்தார். தடத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. கட்டைவிரல் குழியில் கொஞ்சம் தண்ணீர் ஊறி நின்றது.

"ஏங்க? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்." அப்பா துண்டை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "பொண்ணு கிளம்பட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். எனக்கு அந்த ரேம்ப் தெரியல. நேரா இருக்கிறது மட்டும்தான் தெரியுது, சுத்தி எதுவும் தெரியல. ஒரு வருஷமா. போன பார்வை திரும்ப வராதாம்."