ஜோசப்பின் முகர்ந்து சொன்னது

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஜனவரி மாதம், தான் வேலை செய்த பாரின் பின்பக்க ஒழுங்கையில் வெறும் பீப்பா ஒன்றை உருட்டிக்கொண்டு வந்த றெமிஜியஸ், பனிக்கட்டியில் கால் சறுக்கிப் பிடரி அடிபட விழுந்தான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். எலும்பு முறியவில்லை, இரத்தம் உறையவில்லை. மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்று மனைவி ஜோசப்பின் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த அன்று அவள் விளைமீன் குழம்பு வைத்தாள். ஒரு வாய் சாப்பிட்டவன் கையை எடுத்துவிட்டான். குழம்பில் உப்பு இருந்தது, புளி இருந்தது, உறைப்பு இருந்தது. மீன் இருக்கவில்லை.

தடிமனில் மூக்கடைப்பாக்கும் என்று இரண்டு கிழமை விட்டுப் பார்த்தான். பிறகு ஒரு நாள் குளியலறை கழுவும் குளோரின் போத்தலைத் திறந்து மூக்கில் வைத்தான். கண் எரிந்தது, அவ்வளவுதான். விழுந்த வேகத்தில் மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற மெல்லிய நரம்புகள் அறுந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். ஒரு வருடத்துக்குள் வரலாம். வராவிட்டால் இனி இல்லை. கண் காது போல இது பெரிய இழப்பு இல்லை என்று அவர் ஆறுதலாகச் சொன்னார்.

றெமிஜியஸுக்கு அது பெரிய இழப்பு. ஐந்து வருடங்களுக்கு முன் அந்த பாரில் கிளாஸ் கழுவுகிறவனாகச் சேர்ந்தவன் அவன். ஒருநாள் முதலாளி கீத் ஒரு பியரைக் குடித்துப் பார்த்து, இதில் என்னவோ பிழை, என்னவென்று தெரியவில்லை என்று பொதுவாகப் புலம்பிக்கொண்டிருந்தபோது, றெமிஜியஸ் ஈரக்கையைத் துடைத்துவிட்டு கிளாஸை வாங்கி முகர்ந்தான். நனைந்த காட்போட் பெட்டி மணக்கிறது என்றான். பியர் பழசாகிவிட்டால் அந்த மணம்தான் வருமென்பது கீத்துக்குத் தெரியும். ஆனால் சொல்லும்வரை அவருக்குப் பிடிபடவில்லை. அன்றைக்குப் பிறகு எந்தப் புதுப் பீப்பாவைத் திறந்தாலும் முதல் கிளாஸ் அவனுக்குத்தான்.

கீத் மாதம் ஒருமுறை எட்டுப் பக்கத்தில் ஒரு பியர் சஞ்சிகை போட்டோகொப்பி எடுத்து நகரத்து பார்களில் இலவசமாகப் போடுவார். அதில் கடைசிப் பக்கத்தை றெமிஜியஸிடம் கொடுத்தார். அமெரிக்காவில் சின்னச் சின்ன ஆட்கள் கைப்பக்குவமாக வடிக்கிற ஆம்பர் ஏல், ரெட் ஏல் என்ற பியர்வகை இரண்டும்தான் அவனுடைய பக்கம். அவை இங்கே கடைகளில் கிடைக்காது. கீத் எல்லை தாண்டி பஃபலோவுக்குக் கார் ஓடிப்போய் வாங்கி வருவார். ஆம்பர் பால் விடாத நல்ல சாயத்தேயிலை நிறம். முதலில் சீனிப்பாணி இனிப்பு, அதற்குப் பின்னால் ஒரேஞ்சுத் தோடம்பழத்தோல், பைன் மரப் பிசின். ரெட் இன்னும் சிவப்பு, இனிப்புக் குறைவு, பாண் ரொட்டியின் கருகிய விளிம்புபோல ஒரு முடிவு. இவற்றைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தனக்குத் தெரிந்த மணங்களைக் கொண்டு எழுதினான். கீத் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினார். அடியில் அவன் பெயர் இருந்தது. இந்த நாட்டில் அவன் பெயர் அதற்குமுன் அச்சில் வந்தது அகதி விண்ணப்பக் கடிதங்களில் மட்டும்தான்.

ஜோசப்பின் இதற்கெல்லாம் ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தாள். அவளுடைய தகப்பன் கள்ளச்சாராயமான கசிப்பைக் குடித்துச் செத்தவர். அதனால் ஞாயிறு பூசைக்குப் பிறகு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் றெமிஜியஸ் ஒவ்வொரு போத்தலிலும் இரண்டு மிடறுதான் எடுப்பான். மிச்சம் அவள் கண்முன்னால் பாத்திரம் கழுவும் சிங்கில் போகும்.

மூக்குப் போன விசயத்தை அவன் கீத்திடம் சொல்லவில்லை. பெப்ரவரி மாதம் வழக்கம்போல நான்கு போத்தல்களை வாங்கிக்கொண்டு சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியிலிருந்த வீட்டுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை கிளாஸில் ஊற்றி முகர்ந்தான். தண்ணீர். குடித்தான். இனிப்புத் தண்ணீர், பின்னால் ஒரு கசப்பு.

அவன் ஜோசப்பினைக் கேட்டான். மணந்து பார்த்து மட்டும் சொல், எழுதுவது நான் என்றான். அவள் மாட்டேன் என்றாள். அடுத்த ஞாயிறும் கேட்டான், மாட்டேன் என்றாள். அந்தக் கிழமை முழுக்க அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வேலைக்குப் போய்வருவான், கதிரையில் குந்தியிருப்பான். மூன்றாம் ஞாயிறு ஒரு கிளாஸை நிரப்பி அதைப் பார்த்தபடி அரை மணித்தியாலம் இருந்தான். ஜோசப்பின் பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து, கிளாஸைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கருகின சீனி," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "தோடம்பழத்தோல். பிறகு சாம்பிராணி மாதிரி ஒண்டு. கோயில் இல்லை, மரம்."

அவன் எழுதினான்.

இரண்டாம் போத்தலில் பாணுக்குப் பூசுகிற மாஜரீன் உருகின வாசம் நல்லாய் இருக்கிறது என்றாள். அது நல்லதில்லை, சரியாக நொதிக்கவிடாமல் அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அவன் விளங்கப்படுத்தினான். அவள் ஆச்சரியத்தோடு மறுபடி முகர்ந்தாள். மணம் மட்டும் போதாதே என்று அப்போதுதான் அவனுக்குப் பட்டது. வாயில் வைத்தபிறகு மூக்குக்குப் பின்னால் எழும்புகிற மணம்தான் பாதிப் பியர்.

"ஒரு மிடறு," என்றான். "விழுங்க வேண்டாம், துப்பும்."

அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஒரு மிடறு எடுத்தாள். துப்பவில்லை.

மார்ச் மாதப் பக்கத்தை வாசித்துவிட்டு, விழுந்து எழும்பினபிறகு உன் எழுத்து கூராகிவிட்டது என்றார் கீத். ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து ஒரு பியர் வடிப்பவர் கடிதம் போட்டிருந்தார். தன்னுடைய ரெட் ஏலில் ஊறவைத்த புளியங்கொட்டை மணக்கிறது என்று யாரும் சொன்னதில்லை, ஆனால் புளி வாங்கிக் கரைத்துப் பார்த்தேன், உண்மைதான் என்று எழுதியிருந்தார். றெமிஜியஸ் அதைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது ஜோசப்பின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் தோய்க்கிற பெரிய லோண்டரியில் எட்டு வருடமாக வேலை செய்கிறவள் அவள். அங்கே யாரும் அவளைக் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. கீத் நான்கு போத்தலை எட்டாக்கினார். சிங்கில் ஊற்றுவது எப்போது நின்றதென்று றெமிஜியஸுக்கு நினைவில்லை. அந்தக் கோடையில் அவன் சந்தோசமாக இருந்தான்.

அவனுக்குப் பின்னேர வேலை. அவள் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். அவன் திரும்பும்போது படுத்திருப்பாள். களைப்பு என்று நினைத்தான்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் கலைகிறபோது, ஜோசப்பினின் தமக்கை மக்டலீன் அவனைக் கோயில் வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனாள். அதே கட்டடத்தில் ஐந்து மாடி கீழே இருப்பவள், அவனைவிட நாலு வயது மூத்தவள்.

"தம்பி, நீர் ஒண்டும் கேக்கிறேல்லையோ? காலமை பூசைக்கே அவள் குடிச்ச வெறியோட வாறாள். எனக்குப் பக்கத்தில இருக்கேலாமல் கிடக்கு. நற்கருணை குடுத்த சுவாமியாரும் முகத்தைத் திருப்பினவர்."

அவன் திரும்பி வாசலில் ஜோசப்பினைத் தேடிப் பார்த்தான்.

"ஒரே கட்டிலில படுக்கிறனீர். உமக்கு மணக்கேல்லையே?"

"இல்லை அக்கா," என்றான். "எனக்கு மணக்கிறேல்லை." ஜனவரியில் நடந்ததை அங்கேயே அவளிடம் சொன்னான். தான் ஜோசப்பினிடம் என்ன கேட்டான் என்பதையும் சொன்னான். மக்டலீன் கைப்பையைத் திறந்து மூடினாள். பஸ் தரிப்பிடத்துக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் பாருக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு ஐந்து மணிக்கே வீட்டுக்குத் திரும்பினான். ஜோசப்பின் வேலை உடுப்போடு சோபாவில் நித்திரையாக இருந்தாள். அவன் முழந்தாளிட்டு அவள் வாய்க்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோனான். மூச்சு சூடாக முகத்தில் பட்டது. உள்ளே இழுத்தான். இன்னும் பலமாக இழுத்தான். ஒன்றுமில்லை. அவள் கண் விழித்து, அவன் என்ன செய்கிறான் என்று விளங்காமல் பார்த்தாள்.

குடித்தீரா என்று கேட்டான். இல்லை என்றாள். அது உண்மையா பொய்யா என்று அறிய அவனிடம் வழி இல்லை. ஒரு போத்தல் வெயிலில் எத்தனை நாள் நின்றது என்று முன்பு முகர்ந்தே சொல்லக்கூடியவனாக இருந்தான்.

கீத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். பெப்ரவரிக்குப் பிறகு தன் பக்கத்தில் வந்த ஒரு சொல்கூடத் தன்னுடையதில்லை என்றான். கீத் கோபப்படவில்லை. அப்படியானால் உன் மனைவியின் பெயரிலேயே போடலாமே என்று ஆர்வத்தோடு கேட்டார். இனிப் போத்தல் ஒன்றும் தரவேண்டாம் என்றான் றெமிஜியஸ். போத்தல்கள் வீட்டுக்கு வருவது நின்றது. ஜோசப்பின் கடையில் வாங்கத் தொடங்கினாள். ஆம்பரும் ரெட்டும் இல்லை, தகரப் பேணியில் வருகிற எதுவும்.

நவம்பர் முழுக்க மக்டலீன் பின்னேரங்களில் மேலே வந்து தங்கச்சியின் கன்னத்தில் கொஞ்சிவிட்டுப் போனாள். பிறகு பாருக்கு ரெலிபோன் எடுத்து, குடி மணந்ததா என்று காத்திருக்கிற அவனிடம் ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் சொல்வாள். அநேகமாக ஓம். ஒருநாள் ஜோசப்பின் தமக்கையின் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, மணந்து பார்க்கத்தான் வருகிறாயா, நான் என்ன மீனா என்று கேட்டாள். மக்டலீன் அதற்குப் பிறகு வரவில்லை. டிசம்பரில் ஜோசப்பின் லோண்டரி இஸ்திரி உருளையில் கையைக் கொடுத்து மூன்று விரல்களைச் சுட்டுக்கொண்டாள். மேற்பார்வையாளன் வீட்டுக்கு அனுப்பினான். மறுபடி கூப்பிடவில்லை.

விரலில் கட்டோடு இருந்த நாட்களில்தான் அவளாகவே ஒரு இடத்துக்குப் போவோம் என்றாள். குடியை விடவைக்கிற நிலையம் ஒன்று கொலிஜ் வீதியில் இருந்தது. ஜனவரி மாதம் ஒரு காலைநேரம் இருவரும் வீதித் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்றீற்காரில் போனார்கள். சனம் நிறைந்திருந்தது. ஒரே இருக்கையில் தோள் உரச இருந்தார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குச் சுகமில்லை, மூன்று கிழமை கழித்து வரலாம், அல்லது கணவரே மொழிபெயர்க்கலாம் என்றாள் அங்கிருந்த பெண்.

"இவரே சொல்லட்டும்," என்றாள் ஜோசப்பின். அவன் கூட்டிக் குறைத்துச் சொன்னால் கண்டுபிடிக்கிற அளவுக்கு அவளுக்கு ஆங்கிலம் தெரியும்.

முதன்முதல் எப்போது குடித்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள்.

"போன வருசம் பெப்ரவரி. ஞாயிற்றுக்கிழமை. இவர் தந்தவர்."

றெமிஜியஸ் மாதத்தையும் நாளையும் சொல்லிவிட்டு நிறுத்தினான். பெண் பேனையோடு காத்திருந்தாள்.

"மிச்சத்தையும் சொல்லுங்கோ."

நான்தான் கொடுத்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னான். ஏன் என்று பெண் கேட்டாள். அவன் வாயெடுக்க முன்னம் ஜோசப்பின் அவன் கையில் தன் கட்டுப்போட்ட கையை வைத்து மறித்தாள்.

"இவருக்கு மணம் இல்லாமல் போட்டுது. இவர் சாப்பிடாமல் இருக்கிறதைப் பாக்கேலாமல் நானாத்தான் அந்தக் கிளாஸை இழுத்தனான். அதையும் சொல்லுங்கோ. முதல்ல இவருக்காக. பிறகு, எனக்கு ஒண்டு நல்லாத் தெரியுது எண்ட சந்தோசம். இப்ப ரெண்டும் இல்லை. இப்ப எனக்கு மணமும் ருசியும் தேவையில்லை, அது உள்ளுக்குப் போனால் போதும்."

அவன் ஒவ்வொரு வசனமாகச் சொன்னான்.

கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று பெண் கேட்டாள்.

ஜோசப்பின் யன்னலைப் பார்த்தாள். "இண்டைக்கு விடிய."

றெமிஜியஸ் அவளைத் திரும்பிப் பார்த்தான். வழி முழுக்கப் பக்கத்தில்தான் இருந்தான். "இன்று காலை," என்று மொழிபெயர்த்தான். அந்தப் பெண், அவர்கள் அறைக்குள் வந்தபோதே தெரிந்ததுபோலத் தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

அங்கே தங்கிச் சிகிச்சை எடுக்க ஏப்ரலுக்கு முன் கட்டில் ஒன்றும் காலியாகாது என்றார்கள். பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். ஸ்ட்றீற்கார் வரப் பிந்தியது. குளிருக்கு ஜோசப்பின் அவன் கோட்டுப் பொக்கற்றுக்குள் நல்ல கையை விட்டுக்கொண்டாள். அவன் அந்தக் கையைப் பிடித்தான். ஏப்ரலுக்கு இன்னும் எத்தனை கிழமை என்று அவள் கேட்டாள். பன்னிரண்டு என்றான்.

"அவ்வளவு நாள் என்னால ஏலாது," என்றாள்.

அவனுக்கும் அது தெரிந்திருந்தது.