கடைசி அத்தியாயத்தின் நூல்

கத்தரி கைக்கு அகப்படவில்லை. எந்த நுனியை இழுப்பது என்று பிடிபடாமல், புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைக் கட்டியிருந்த நூலைப் பல்லால் கடித்தே அறுத்தான். கட்டிலில் மனைவி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. காலையில் வந்து பார்த்த டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னைக்குத் தாண்டுறது கஷ்டம். பக்கத்துலயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கதையின் முடிவு தெரியாமலே இவள் போய்விடுவாளே என்றுதான் அவனுக்குத் தவிப்பு.

நூலகத்தில் சனிக்கிழமைதோறும் கூடுகிற வாசகர் வட்டத்தின் புத்தகம் அது. துப்பறியும் கதை எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று, ஆகப் பழைய கதையில் தொடங்கி வரிசையாகப் படித்து வந்தார்கள். நூலகர் எல்லாப் பிரதியிலும் கடைசி அத்தியாயத்தை மட்டும் நூல் போட்டுக் கட்டிக் கொடுப்பாள். கொலைகாரன் யார் என்று ஆளாளுக்கு வாய்விட்டுச் சொன்ன பிறகுதான், எல்லோரும் ஒன்றாக அவிழ்க்கலாம். ஒருமுறை ரிட்டையர்டு பஸ் டிரைவர் திருட்டுத்தனமாகப் பிரித்துப் பார்த்துவிட்டார். மாசக்கணக்கில் அவர் முகத்தில்கூட மனைவி முழிக்கவில்லை.

சலவைக்கூடத்தில் வருசக்கணக்காகத் துணி தேய்த்த கைகள் அவளுடையவை. இப்போது புத்தகத்தைப் பிடிக்கவும் தெம்பில்லை. அவன்தான் படித்துக் காட்டினான். கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். தலை நரைத்த பிறகு அவள் இழுத்துக்கொண்டு போய் எழுத்துக் கற்க உட்கார வைத்த ஆள். வரிக்கு அடியில் விரல் வைத்தால்தான் அவனுக்கு எழுத்து நிற்கும். இல்லாவிட்டால் எறும்பு மாதிரி ஓடிவிடும்.

சத்தம் வராமல் உதடு மட்டும் அசைய வாசித்து முடித்தான். பெரிய வீட்டு எஜமானிக்குப் பாலில் விஷம் வைத்தது அவளுடைய சொந்தத் தங்கச்சி. மனைவியோ முதலிலிருந்தே, கதையில் வருகிற டாக்டர்தான், டாக்டர்தான் என்று சாதித்துக்கொண்டிருந்தாள். கட்டில் கிரீச்சிட்டது. அவசரத்தில் நூலைச் சுற்றினான். கை தானாகவே முடிச்சைப் போட்டது.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. புஸ்தகத்தைத் தூசி தட்டினேன்."

"இந்த வீட்டுல நீங்க தூசி தட்டி நான் பார்த்ததே இல்லையே. குடுங்க இங்க."

அவள் நெஞ்சின்மேல் வைத்தான். கட்டைவிரல் நூலைத் தேடிப் பிடித்து, முடிச்சை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அங்கேயே நின்றது.

"யாருன்னு நினைக்கிறீங்க?"

"நீ சொன்ன டாக்டர்தான். வேற யாரு? சத்தியமா அவன்தான்."

சந்தோசமாகப் போகட்டும் என்றுதான் சொன்னான். அவள் அவனையே பார்த்தாள்.

"இத்தனை கதை படிச்சோம். எதுக்காவது சத்தியம் பண்ணியிருக்கீங்களா?"

மகள் வந்து அம்மாவுக்குக் கரண்டியில் தண்ணீர் ஊட்டினாள். பாதி கன்னத்தில் வழிந்தது. துடைத்துவிட்டு, முகத்தை மறைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

"எல்லாரும் சாப்பிட உக்கார்ற இடம் வருமே, அதை இன்னொரு தடவை படிங்க."

பக்கத்தைத் தேடி விரலை வைத்தான். டாக்டர் பேசியதை விரல் தாண்டியது. தோட்டக்காரன் பேசியதைத் தாண்டியது. 'அக்காவுக்கு நானே பால் ஆற்றித் தருகிறேன்' என்று தங்கச்சி சொல்லும் வரியில் விரல் ஒட்டிக்கொண்டது. தொண்டையைச் செருமிவிட்டு அதையே மறுபடி படித்தான்.

"போதும்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "டாக்டர் இல்ல. தங்கச்சி. சனிக்கிழமை கேட்டா அப்படியே சொல்லுங்க."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிச் சொல்ற?"

"ஆரம்பத்துல வந்த கதையில எல்லாம் வேலைக்காரன் மேல பழி. அப்புறம் எங்கிருந்தோ வந்தவன் மேல. போகப் போகக் கொலைகாரன் வீட்டுக்குள்ளயே வந்துட்டான். கூடவே இருக்கறவங்க மூஞ்சியைத்தான் பாக்கணும்."

சிரிக்கப் போனாள். இருமல்தான் வந்தது. அவனுடைய விரலைப் பிடித்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் பிடி தளர்ந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் சனிக்கிழமை. "புஸ்தகத்தை நான் கொண்டு போய்க் குடுக்கறேம்ப்பா" என்றாள் மகள். அவன் கேட்கவில்லை. மனைவி சொன்னதைச் சொல்ல வேண்டும்.

நூலகத்தில் யாரோ அவளுடைய நாற்காலியை எப்போதும்போலப் போட்டிருந்தார்கள். அவன் அதில் உட்காராமல் நின்றான். பஸ் டிரைவர் டாக்டர் என்று அடித்துச் சொன்னார். தையல்காரர் ஒருவர் தோட்டக்காரன் என்றார்.

"அக்கா யாரைச் சொன்னாங்கண்ணே?" என்று கேட்டாள் நூலகர்.

"தங்கச்சியை."

எல்லோரும் நூலை இழுத்தார்கள். பக்கங்கள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

"அடேங்கப்பா!" என்றார் டிரைவர். "போற நேரத்துலயும் நம்ம எல்லாரையும் தோக்கடிச்சுட்டுப் போயிருக்காளே மகராசி! எப்படித்தான் கண்டுபிடிச்சாளோ!"

யாரோ கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள்.

நூலகர் அவன் மனைவியின் பிரதியை எடுத்தாள். நகத்தால் நெம்பினாள். அவிழவில்லை. மேசையில் அவிழ்ந்து கிடந்த நூல்களெல்லாம் அவள் பூப்போலக் கட்டியவை, ஒரு இழுப்பில் வந்துவிடுபவை. இது அப்படியில்லை. இழுக்க இழுக்க இறுகியது. கிடங்கில் மூட்டை வாய்க்குப் போடுகிற முடிச்சு.

நூலகரின் பார்வை அவன் கைக்குப் போயிற்று. அவனும் அப்போதுதான் அந்த முடிச்சைப் பார்த்தான். அதைச் சுற்றி வந்து நின்ற மனைவியின் கட்டைவிரல் கண்ணில் வந்தது. அவளே கண்டுபிடித்தாளா, இல்லை, அவள் விளையாட்டை நான்தான் கெடுத்தேனா?

"மேடம், அது வந்து..."

"இருங்கண்ணே." இழுப்பறையிலிருந்து கத்தரியை எடுத்து நறுக்கென்று வெட்டினாள். நூலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். "அக்கா புத்தகத்துலேர்ந்து கடைசி அத்தியாயத்தை நீங்களே எங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

டிரைவர் காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் உட்கார்ந்து, முதல் வரிக்கு அடியில் விரலை வைத்தான்.

எழுத்து நிற்கவில்லை.