முப்பது வருடம் பிந்தித் திறந்த கேட்

நாற்பத்தாறு வயதில் வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை போட்டு, பள்ளிக்கூட டையும் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பவனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. என் மனைவி சந்திரிகாதான் பட்டனைத் தைத்துக்கொண்டே சிரித்தாள்.

"மூச்சு விடாதீங்க. பட்டன் தெறிச்சா கேமராக்காரர் கண்ணுதான் போகும்."

எல்லாம் ருஷ்தியின் வேலை. என்னோடு படித்தவன், இப்போது கண்டியில் கல்யாண வீடியோ எடுக்கிறான். நாங்கள் பள்ளியை விட்டு முப்பது வருடம் ஆனதற்கு ஓர் ஒன்றுகூடல் ஏற்பாடாகியிருந்தது. அதில் காட்டுவதற்கு அரை மணி நேரப் படம் எடுக்கிறேன் என்று கிளம்பிவிட்டான். கதை இதுதான்: மாநகர சபை கிளார்க் ஒருவன் ஒபிஸ் படியில் வழுக்கி விழுகிறான். கண் விழித்தால் பதினாறு வயது உடம்போடு வகுப்பறை வாங்கில் இருக்கிறான். அந்தப் பதினாறு வயதுப் பையனோ கிளார்க்கின் உடம்புக்குள் மாட்டிக்கொண்டு, ஒபிஸ் கவுன்டரில் உட்கார்ந்து இன்டர்வல் பெல்லுக்குக் காத்திருக்கிறான். நான் நிஜத்திலும் மாநகர சபை கிளார்க் என்பதால் இரண்டு வேடமும் என் தலையில் விழுந்தது.

"கதைல உள்ளவங்களுக்கு நீ சின்னப் பையன். படம் பாக்குறவங்களுக்கு மட்டும் தொப்பையோட தெரிவ. அதான் மச்சான் காமெடி," என்றான் ருஷ்தி.

ஒபிஸ் காட்சிகளை முடித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை பழைய பள்ளிக்கூடத்தில் கேமராவை வைத்தோம். எனக்கும் நடிப்பு வருகிறது என்ற நினைப்பில் மிதந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அவன் அடுத்த காட்சியின் தாளைக் கையில் கொடுத்தான்.

"கேட்டுல நின்ன பிரிஃபெக்ட் நீதானே? லேட்டா வாறவங்கள முழங்கால்ல வைப்ப. இப்ப உள்ளுக்குள்ள நீ பெரிய மனுசன். பாவம் பாத்து கேட்டத் தொறந்து உள்ள விடுற. பிரின்சிபல் வந்து ஒன் காதத் திருகுறாரு. சனம் சிரிச்சே சாகும்."

"லேட்டா வாறது யாரு?"

"பன்வில இராஜேஸ்வரி. எவ்வளவு தேடிப் பிடிச்சேன் தெரியுமா?"

தாளை இன்னொரு தடவை படித்தேன்.

இராஜேஸ்வரி எங்கள் வகுப்பில் முதலாவது. நான் இரண்டாவது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு தவணைப் பரீட்சையில்கூட அவளை முந்த என்னால் முடியவில்லை. அவள் வீட்டார் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். எங்களுக்கு டவுனில் கடை இருந்தது. என் அப்பா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அந்தத் தோட்டத்துப் புள்ளயா மறுபடியும்?" என்று கேட்பார். திட்ட மாட்டார், அடிக்க மாட்டார். அந்த ஒரு கேள்விதான்.

ஓ.எல் என்கிற சாதாரணதரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் நேரம். வெள்ளிக்கிழமைக்குள் வந்து கையெழுத்து வைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை பிரின்சிபல் மாணவர் தலைவர்களான பிரிஃபெக்ட்மாரைக் கூப்பிட்டு, விண்ணப்ப ஃபோம் எல்லாம் இன்று இரண்டு மணிக்கே போகிறது, மிச்சம் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள் என்றார். மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தி. அன்று பார்த்து பன்வில பஸ் வத்தேகமைக்கு இந்தப் பக்கம் பழுதாகி நின்றுவிட்டது. ஒன்பது மணிக்கு சப்பாத்தெல்லாம் சேறாக கேட்டுக்கு வந்து நின்றாள்.

நான் கேட்டைத் திறக்கவில்லை. ஒழுங்கு ஒழுங்குதான் என்றேன். வெள்ளிக்கிழமை அப்பாவோடு வா, அப்போதே ஃபோமிலும் கையெழுத்து வைக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். நம்பித் திரும்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை அவளுடைய அப்பா அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்தார். பிரின்சிபல் எங்கெங்கோ போன் பண்ணிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. பிரிஃபெக்ட்மாரிடம் சொல்லியிருந்தேனே என்று அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. அடுத்த மாதம் அவளைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த இராஜேஸ்வரி அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் முந்தி வந்துவிட்டாள். ருஷ்தி கொண்டுவந்த யூனிஃபோமைப் போட மறுத்துவிட்டு, நீலச் சல்வாருக்கு மேலே டையை மட்டும் கட்டிக்கொண்டாள். ஆள் அவ்வளவாக மாறவில்லை. வெயில் சரியாக விழட்டும் என்று ருஷ்தி காத்திருந்த நேரத்தில், நாங்கள் இருவரும் கேட்டுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம்.

"இப்ப எங்க வேலை?" என்று கேட்டேன்.

"பல்லேகலயில, கார்மெண்ட்ல. பத்தொம்பது வருசம். நான் வேலை பழக்குன பிள்ளைங்க எத்தனையோ பேரு சுப்பவைசரா இருக்காங்க. எனக்குத்தான் குடுக்க மாட்டேங்கிறாங்க. ஓ.எல் கேக்குறாங்கல்ல." சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஐயோ, ஒங்கள ஒன்னும் சொல்லல கணேஸ். என் மக கேப்பா, ஏம்மா நீ பரீட்ச எழுதலன்னு. பஸ்ஸு பழுதாயிருச்சு, கேட்டுல நின்ன பையனுக்கும் ஃபோம் போற விசயம் தெரியாது, தெரிஞ்சிருந்தா கட்டாயம் விட்டிருப்பான்னுதான் சொல்லுவேன்."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கடவுளே, எத்தனை விஷயங்களுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தவன் நான். ஆனால் கையில் ருஷ்தியின் தாள் இருந்தது. அதில் நான் நல்லவன், கேட்டைத் திறப்பவன். இன்றைக்குச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று புத்தி சொன்னது. அப்போதும் என்னைப் பற்றித்தான் யோசித்தேன்.

"எனக்குத் தெரியும் இராஜேஸ்வரி."

"என்ன தெரியும்?"

"ஃபோம் அன்னைக்கே போகுதுன்னு. காலையில பிரின்சிபல் சொன்னாரு. நான்தான் வேணும்னே ஒங்ககிட்ட மறைச்சேன். நீங்க எழுதலன்னா நான் முதலாவதா வருவேன்னு."

அவள் கோப்பையைப் படியில் வைத்தாள்.

"வந்தீங்களா?"

"என்ன?"

"முதலாவதா வந்தீங்களா?"

"வந்தேன்."

தலையை ஆட்டினாள். நான் அவசர அவசரமாக, "மன்னிச்சிருங்க. முப்பது வருசமா மனசுல போட்டு வச்சிருந்தேன். இன்னைக்குத்தான் எறக்கி வச்சேன்," என்றேன்.

"ஆமா, நீங்க எறக்கி வச்சிட்டீங்க," என்றாள். குரல் உயரவில்லை. "நான் இத்தன வருசமும் அந்தப் பஸ்ஸு மேலதான் கோவப்பட்டேன். பஸ்ஸு மேல கோவப்படுறது லேசு கணேஸ், ஒரு நாளைக்கு மறந்தும் போகும். இனி ஒரு மனுசன் மேலல்ல கோவப்படணும். இந்த வயசுல அதக் கொண்டுபோய் நான் எங்க வைக்க?"

மிச்சத் தேத்தண்ணியைப் படியோரம் ஊற்றினேன்.

"வெயில் வந்திருச்சு, எடுப்போம்!" என்று ருஷ்தி கத்தினான். அவள் எழுந்து கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். நடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கேட்டை அகலத் திறந்தேன், எழுதியிருந்தபடியே. அவள் திறந்த கேட்டை ஒரு தடவை பார்த்தாள். டையைக் கழற்றி கம்பியில் போட்டுவிட்டு, பஸ் ஹோல்ட்டைப் பார்த்து நடந்தாள்.

"என்னடா சொன்ன அவகிட்ட?" என்று ருஷ்தி கேட்டான். அவனுக்கு நின்று பதில் சொல்லாமல் அவள் பின்னால் ஓடினேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. பட்டன் ஒன்று தெறித்துப் போனது. நான் போய்ச் சேரும் முன்பே பன்வில பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டுவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் மூச்சிரைக்கப் பஸ்ஸின் பக்கத்தில் தட்டினேன்.

கொண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். என் டை, என் தொப்பை, என் நரைத்த தலை.

"என்ன தம்பி, இன்னும் பாஸாகலையா?" என்றான்.

பஸ் முழுக்கச் சிரித்தது. முன் சீட்டில் இருந்த பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். இராஜேஸ்வரி மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை.