அண்ணியின் முழங்கைக்கு ஒரு ராக்கெட்

அண்ணியும் நாத்தனாரும் ஒரே பக்கம் நின்று டென்னிஸ் ஆடினால் எதிரணிக்குப் பாதி பயம், பார்க்கிறவர்களுக்கு முழு வேடிக்கை. நாத்தனாரை வீட்டில் எல்லாரும் சிட்டு என்பார்கள். கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கும் வேலை. அண்ணி சொந்தமாக சலூன் வைத்திருந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் இருவருக்கும் பேசிக்கொள்ள விஷயமே இருக்கவில்லை. டென்னிஸ்தான் அவர்களைச் சேர்த்து வைத்தது.

அண்ணியின் பிறந்தநாளுக்குச் சிட்டு ஒரு சிவப்பு ராக்கெட் வாங்கிக் கொடுத்தாள். கையில் இருப்பதே தெரியாது, அவ்வளவு லேசு. கொஞ்ச நாளில் அண்ணியின் வலது முழங்கையில் சுருக்கென்று குத்த ஆரம்பித்தது. பிறகு கதவுக் குமிழைத் திருகினாலே உயிர் போனது.

பிசியோதெரபிஸ்ட் கையைப் பார்த்துவிட்டு ராக்கெட்டையும் கொண்டுவரச் சொன்னார்.

"ஃபிரேம் ரொம்ப விறைப்பு. ஸ்ட்ரிங்கையும் கம்பி மாதிரி இழுத்துக் கட்டியிருக்காங்க. அடிக்கிற ஒவ்வொரு அதிர்வையும் உங்க முழங்கைதான் வாங்குது. கொஞ்ச நாள் ஓய்வு, அப்புறம் நான் சொல்ற பயிற்சி. திரும்ப ஆடும்போது இது வேண்டாம்."

அண்ணிக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தவளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? "சலூன்ல தலைக்கு மேல வேலை, இனிமே ஆட வரல" என்று போனில் சொல்லி முடித்துக்கொண்டாள். "சரி அண்ணி" என்றதோடு சரி, சிட்டு வீட்டுப் பக்கம் வருவதே நின்றுபோனது.

ஒரு மாலை அவள் சலூனுக்கே வந்து நின்றாள். உள்ளே ஈ காக்கை இல்லை.

"தலைக்கு மேல வேலைன்னீங்க?"

"இப்பதான் எல்லாரும் போனாங்க. உட்காரு."

அண்ணி துணியைப் போர்த்தி, தலையில் தண்ணீர் தெளித்து, சீப்பை இடது கையில் எடுத்தாள். எதிரே கண்ணாடியில் சிட்டு அதைக் கவனித்தாள். வலது முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டிய ஒரு பட்டை.

"கையில என்ன?"

மறைக்க முடியவில்லை. அண்ணி சொல்லச் சொல்ல சிட்டுவின் முகம் சுருங்கியது.

"நான் குடுத்த ராக்கெட்டாலயா?"

அண்ணி சீப்பைக் கீழே வைத்தாள்.

சிட்டு போர்த்திய துணியோடு அப்படியே திரும்பினாள். ஈரத்தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "லூசா அண்ணி நீங்க? உங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நான் உள்ளுக்குள்ள வெந்துட்டிருக்கேன். ராக்கெட் என்ன பெரிய ராக்கெட்!"

"நீ வருத்தப்படுவேன்னு..."

"இப்ப மட்டும் சிரிச்சிட்டா இருக்கேன்?" என்றவள் சிரித்துவிட்டாள். அண்ணிக்குத்தான் கண் கலங்கியது.

வலி அடங்கி, பிசியோதெரபிஸ்ட் சம்மதித்த பிறகு இருவரும் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார்கள். ஆடிப் பார்க்கவென்றே அங்கே சில ராக்கெட்டுகள் இருந்தன. கடைக்குப் பின்னால் இருந்த சுவரில் அண்ணி பந்தை மெதுவாக அடித்துப் பார்த்தாள். சிட்டுவின் தொழில்புத்தி விடவில்லை.

"இது நல்லாருக்கா, முன்ன அடிச்சது நல்லாருக்கா?"

"எழுத்தைப் படிக்கச் சொல்லாம இருந்தா சரி."

அடிக்கும்போது சற்று வளைந்துகொடுக்கும் ஒன்று கைக்கு இதமாக இருந்தது. சிவப்பைவிடக் கொஞ்சம் கனம், ஆனால் கனம் கைப்பிடிப் பக்கம். கடைக்காரர் அண்ணியின் உள்ளங்கையையும் கூடவே கொண்டுவந்திருந்த சிவப்பு ராக்கெட்டின் பிடியையும் அளந்து பார்த்து, "பழைய பிடி உங்களுக்கு ஒல்லி, அதான் இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க" என்று புது ராக்கெட்டின் பிடியைத் தடிமனாக்கினார். மிருதுவான ஸ்ட்ரிங்கைத் தளர்வாகவே கட்டினார். "ஆரம்பத்துல பந்து கொஞ்சம் வெளிய போகும், பழகிடும்."

"சிவப்பை என்ன பண்றது?" என்றாள் அண்ணி.

"அண்ணன்கிட்ட குடுத்துருங்க. கொசு அடிக்கட்டும்."

அடுத்த ஞாயிறு, மைதானத்தில் கூட்டமில்லை. வலைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாக நெருங்கி நின்று பந்தைத் தட்டித் தட்டி ஆரம்பித்தார்கள். அண்ணி அடித்த முதல் பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது. இரண்டாவது வேலிக்கே போனது. ஒவ்வொரு அடிக்கும் சிட்டு அண்ணியின் முகத்தையே பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"நிஜமா?"

"நிஜமா இல்லடி. என் மூஞ்சியைப் பார்க்காம பந்தைப் பாரு!"

அதற்குள் பந்து சிட்டுவைத் தாண்டிப் போய்விட்டது. அவள் திட்டிக்கொண்டே எடுக்க ஓடினாள்.