வெள்ளையடித்த கூடம்

சமுதாயக் கூடத்துக்குக் கூரை மாற்ற அரசு மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதியவர் சலூன்காரர்தான். ஊரில் பாதிப்பேர் பிழைப்புத் தேடி வெளியேறிவிட்டதில் அவர் கடைக்கு வரும் தலைகள் குறைந்து போயின; நேரம் நிறைய இருக்கிறதே என்று கூடத்தின் செயலாளர் பதவியை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். படிவத்தில் 'கட்டடத்தின் நிலை' என்ற இடத்தில் 'மிக மோசம்' என்று எழுதி, மனம் ஆறாமல் இன்னொரு 'மிக'வையும் சேர்த்தார். வியாழக்கிழமை அதிகாரி நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது.

புதன்கிழமை அவர் கடைக்குச் சாமான் வாங்க டவுனுக்குப் போன நேரம் பார்த்து அவருடைய அக்கா காரியத்தில் இறங்கினாள். வெளியாள் வந்து பார்த்துவிட்டு ஊரைப் பற்றி நாலு விதமாகப் பேசுவதா என்பது அவள் கவலை. பத்துப் பெண்களைத் திரட்டிச் சுவருக்கு வெள்ளையடித்தாள். உடைந்த நாற்காலிகள் மாயமாகி, வீடு வீடாகக் கேட்டு வாங்கிய நல்ல நாற்காலிகள் வரிசை கட்டின. ஓட்டைகள் கண்ணில் படாதபடி கூரைக்கடியில் பூப்போட்ட துணியைக் கட்டியாயிற்று.

மறுநாள் அதிகாரியம்மாவைக் கூட்டிவந்து கதவைத் திறந்த சலூன்காரர் உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தார். வெளியே போய்ப் பெயர்ப்பலகையை ஒருமுறை படித்துவிட்டு வந்தார்.

"எங்க ஆபீஸே இவ்வளவு சுத்தமா இல்லையே" என்றார் அதிகாரி.

சுவரெல்லாம் ஈரம் என்றார் சலூன்காரர். அது புது வெள்ளை, இன்னும் காயவில்லை என்றாள் அக்கா. தரையில் விரிசல் என்றார். அக்கா நகர்ந்து போய் அதன்மேல் நின்றுகொண்டாள். மழை வந்தால் ஒழுகும் என்றார். ஒரு சொட்டுக்கூட விழாது என்று சாதித்தாள். போன மழைக்கு இதே கூடத்துக்குள் குடை பிடித்துக்கொண்டு மகளிர் கூட்டம் நடத்தியவள் அவள்தான்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "அப்ப மானியம் தேவையில்லைன்னு எழுதிடட்டுமா?"

சலூன்காரருக்கு வேறு வழி தெரியவில்லை. நாற்காலிமேல் ஏறித் துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். துணியோடு துருப்பிடித்த தகரத் துண்டு ஒன்றும் கூடவே வந்து விழுந்தது. மேலே வானம் பளிச்சென்று தெரிந்தது.

"மேடம், அக்கா சொல்றதெல்லாம் வெளியாளுக்காக. நிஜம் இதுதான்."

அதிகாரி சற்று நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு அக்காவிடம், "எங்க அம்மாவும் இப்படித்தான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டு வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

மூன்று மாதத்தில் மானியம் வந்தது, கேட்டதில் முக்கால் பங்கு. கூரை வேலை தொடங்கியது. அக்கா மட்டும் தம்பியோடு பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டாள். ஊர் மானத்தைத் துணியோடு சேர்த்து இழுத்துப் போட்டவனிடம் என்ன பேச்சு? சொல்ல வேண்டியதை முடிவெட்டப் போகிறவர்களிடம் சொல்லி அனுப்பினாள்.

"கூரைக்குப் பச்சை வேண்டாமாம், நீலம்தான் அடிக்கணுமாம். உங்க அக்கா சொல்லச் சொன்னாங்க" என்றார் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தபால்காரர்.

சலூன்காரர் கத்தரியை நிறுத்தவில்லை. "பச்சை ஏற்கெனவே வாங்கியாச்சு. அதை நீங்களே போய்ச் சொல்லிடுங்க" என்றார்.