வால் இல்லாத சுத்தியல்

1

முதலே சொல்லிப்போடுறன், இந்தக் கதை என்ர மண்டையில் உதிச்சதில்லை. றம்ஸானின் கடையில் பொறுக்கினது. றம்ஸான் திருகோணமலை டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற என் கூட்டாளி, வாய் ஓயாத மனுசன். ஒருநாள் அவனிடம் ஒரு பெண் வந்து, இருக்கிறதிலேயே மென்மையான சாண்ட்பேப்பர் கேட்டாளாம். "என்னத்துக்குத் தங்கச்சி?" என்று இவன் கேட்க, "பிஸ்டலுக்கு அண்ணா" என்றாளாம். இவன் எடுத்த பேப்பரைத் திரும்ப ராக்கையில் வைத்துவிட்டானாம். அவள் சிரித்துவிட்டு, "பயப்படாதேங்கோ, எல்லாம் விதிக்குள்ளதான்" என்று சொல்லிப் போனாளாம்.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மிச்சம் முழுக்க நான் கட்டினது. அந்தப் பெண் இதை வாசித்தால் என்னை மன்னிக்கவேணும். அவளுக்கு நான் கொடுத்திருக்கிற வாழ்க்கை நல்ல வாழ்க்கையில்லை.

2

தொடக்கம் வரமாட்டன் என்று அடம்பிடித்தது. எழுதியதையும் வெட்டியதையும் அப்படியே விட்டுவைக்கிறேன், பாருங்கள்.

"திருகோணமலைத் துறைமுகத்தில் பொழுது விடிந்துகொண்டிருந்தது. தூரத்தில் கப்பல்கள் —"

வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுத வருகிறவன் எல்லாரும் முதலில் கப்பலில்தான் ஏறுகிறான்.

"தமிழ்ப் பெண்ணொருத்தியின் கையில் துப்பாக்கி இருந்தது. வாசலில் ஜீப் வந்து —"

இதுவும் வேண்டாம். பெண், பிஸ்டல், திருகோணமலை என்றதும் நீங்கள் எந்தக் கதைக்குக் காத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன! இது யுத்தக் கதையில்லை ஐயா, விளையாட்டுக் கதை. லைசென்ஸ் உண்டு, கழகம் உண்டு, ஞாயிற்றுக்கிழமைப் போட்டி உண்டு. (யுத்தத்தை வாசலோடு நிற்பாட்டிவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். ஐந்தாம் பகுதியில் அது பின்பக்கம் குசினி அடுப்படிக்குள்ளால் வந்துவிட்டது. நான் என்ன செய்ய?)

மூன்றாவது தொடக்கம் நின்றது:

தர்ஷனா வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவள். உள்துறைமுகப் பக்கத்தில் அவளும் புருசன் மேர்வினும் சேர்ந்து ஒரு வேர்க்ஷொப் நடத்துகிறார்கள். மேர்வினுக்கு வாய், அவளுக்குக் கை. இருவரையும் சுடும் கழகத்தில் சேர்த்துவிட்டவர் யேசுரட்ணம், அவளுடைய அப்பாவின் தம்பி. போட்டி நடக்கும்போது சுடுகிறவனின் முதுகுக்குப் பின்னால் நின்று கட்டளை கொடுக்கிற அலுவலர் அவர்தான். "இவை ரெண்டுபேருக்கும் நான் பொறுப்பு" என்று அவர் சொல்லித்தான் லைசென்ஸே கிடைத்தது.

3

இனிக் கொஞ்சம் விதி. கொட்டாவி விடவேண்டாம், இந்தக் கதையின் கழுத்து இதற்குள்தான் இருக்கிறது.

இந்தப் போட்டியில் பிஸ்டலோடு ஓடவேணும், குனியவேணும், மறைப்புத் தட்டிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுடவேணும். வேகமும் குறியும் சேர்ந்துதான் புள்ளி. பிரிவுகள் பல. ஒரு பிரிவில் என்ன வேண்டுமானாலும் பூட்டலாம், லென்ஸ்கூட. அங்கே பெரிய இடத்து ஆட்கள். மேர்வின் சுடுவது கடையில் வாங்கினபடியே வைத்திருக்கவேண்டிய பிரிவு. துப்பாக்கி உறை இடுப்பெலும்புக்குப் பின்னால் இருக்கவேணும். பிடியில் நாடா ஒட்டலாம், ஆனால் வெளிப்புறத்தில் அரம் படக்கூடாது. உள்ளே தேய்த்து மினுக்கலாம். உதிரிப்பாகம் மாற்றலாம், அதே கொம்பனி செய்ததாக, அனுமதிப் பட்டியலில் உள்ளதாக இருந்தால். விசையின் முதல் இழுப்பு ஐந்து றாத்தலுக்கு, அதாவது இரண்டேகால் கிலோவுக்கு, குறையக்கூடாது. விசையில் ஐந்து றாத்தல் கல்லைத் தொங்கவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிப் பார்ப்பார்கள். விசை இழுபடாமல் கல் எழும்பினால் சரி.

இன்னொன்று. இந்தப் பிரிவில் தொடங்கும்போது பிஸ்டலின் பின்பக்கத்தில் நிமிர்ந்து நின்று ரவையை, அதாவது தோட்டாவை, அடித்து வெடிக்கவைக்கிற சுத்தியல் படுத்திருக்கவேணும். மேர்வினுடைய பிஸ்டலில் அதைப் படுக்கவைக்கத் தனிப் பொத்தான் இல்லை. உள்ளே ரவை இருக்க, சுத்தியலைப் பிடித்துக்கொண்டு, விசையை இழுத்து, மெல்ல மெல்லக் கையாலேயே இறக்கவேணும். பிடி வழுகினால் வெடிக்கும்.

(றம்ஸான் இதை வாசித்துவிட்டுக் கேட்டான்: "டேய், பாதுகாப்பா வைக்கிறதுக்காக வெடிக்கிற மாதிரிப் பிடிக்கிறதா? இதென்ன விசர் விளையாட்டு?")

4

பழைய சுத்தியலுக்கு ஒரு வால் உண்டு. பெருவிரல் ஏறிக் குந்த நல்ல இடம். மேர்வின் ஒற்றைப் பெருவிரலால் ஸ்டைலாக இறக்குவான். இரண்டு கையாலும் குனிந்து பிடித்து இறக்குகிறவர்களைப் பார்த்து, "பால் கறக்கினம்" என்று நக்கலடிப்பான்.

புதிய சுத்தியல் அதே கொம்பனியுடையது, பட்டியலில் உள்ளது. சின்னது, உருண்டை, வால் இல்லை. பாரம் குறைவு, அதனால் இழுப்பு இன்னும் மென்மை. தேசிய அணித் தெரிவு வருகிறதென்று மேர்வின் அதை வருவித்தான். தர்ஷனா பூட்டினாள். உள்ளே தேய்த்தாள், பூட்டிப் பார்த்தாள், கழற்றினாள், திரும்பவும் தேய்த்தாள். கடைசியில் விசை ஐந்து றாத்தலுக்கு மயிரிழை மேலே வந்து நின்றது. வெண்ணெய்க்குள் கத்தி போகிறமாதிரி ஓர் இழுப்பு. அவள் கையால் செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது. அதை மேர்வின் சொல்லமுதலே அவளுக்குத் தெரியும்.

[இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு கெட்டிக்காரிக்கு, வால் இல்லாத சுத்தியலில் அவன் பெருவிரல் நிற்காது என்று தெரியாமல் போகுமா? போகாது. அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இதை எழுதாமல் விடத்தான் பார்த்தேன்.]

5

தெரிவுக்கு முந்தின வாரம், குச்சவெளி றோட்டில் உள்ள கழகத்து மைதானத்தில் இருவரும் தனியே பயிற்சி செய்தார்கள். நல்ல வெக்கை. மேர்வின் வழக்கம்போல ஒற்றைப் பெருவிரலால் இறக்க, விரல் வியர்வையில் வழுகியது. வெடித்தது. ரவை முன்னாலிருந்த மணலுக்குள் போனது. அவன் சிரித்தான். பிறகு நிலத்தில் குந்திவிட்டான்.

நினையாமல் வெடித்தால் கழகத்துக்குச் சொல்லவேணும், வெடித்த துவக்கைக் காட்டவேணும். அது ஒழுங்கு.

வீட்டில், குசினியில் வைத்து அவள் கேட்டாள். "சித்தப்பாவிட்டச் சொல்லுவமாப்பா?"

"உமக்கென்ன விசரே? சொன்னால் லைசென்ஸைத் தூக்குவினம்."

"தவறுதலா வெடிச்சதுதானே?"

"தமிழன் ஒருத்தன்ர கையில வெடிச்சால், அதைத் தவறுதல் எண்டு ஆர் எழுதுவான், சொல்லும் பாப்பம்? முதல்ல லைசென்ஸ் போகும். பிறகு ஆர், எவர், எங்க பழகினது எண்டு விசாரணை வரும். பொறுப்பு நிண்ட சித்தப்பாவையும் இழுப்பாங்கள். சொல்லாதையும்."

"அப்ப பழைய சுத்தியலைப் போட்டுத் தாறன்."

"ஞாயிற்றுக்கிழமை தெரிவு. பழகின இழுப்பை இப்ப மாத்த ஏலாது."

அவள் மேசைக்குப் போய்ச் சின்ன அரத்தை எடுத்தாள். உருண்டைச் சுத்தியலின் தலையில் நாலு கீறல் போட்டால் போதும், விரல் பிடிக்கும். ஆனால் அது வெளிப்புறம். அந்த நாலு கீறலோடு துப்பாக்கி விதிக்கு வெளியே போய்விடும். மேர்வினை லென்ஸ்காரரோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

கீறினால் ஆபத்தில்லை, ஆனால் குற்றம். கீறாவிட்டால் ஆபத்து, ஆனால் சரி.

அவள் அரத்தை வைத்துவிட்டாள். மேர்வின் தடுத்தான் என்றுதான் முதல் வரைவில் எழுதினேன். பொய். அவன் அப்போது குளித்துக்கொண்டிருந்தான். பழைய சுத்தியலைப் போடுவதற்கும் அவனைக் கேட்டிருக்கத் தேவையில்லை, பூட்டிவிட்டு வாயை மூடியிருக்கலாம். ஆனால் அந்த இழுப்பு! அதைக் கழற்றிப்போட அவளுக்கு மனம் வரவில்லை. "ரெண்டு கையாலயும் இறக்குங்கோ, கேட்டதே?" என்று குளியலறைப் பக்கம் பார்த்துக் கத்தினாள். "ஓமோம்" என்றான்.

6

ஞாயிற்றுக்கிழமை. விசையில் கல் எழும்பியது. பட்டியல் பார்த்தார்கள், உறையைப் பார்த்தார்கள். எல்லாம் சரி. "வடிவான வேலை பிள்ளை" என்று யேசுரட்ணம் தர்ஷனாவைப் பார்த்துச் சொன்னார்.

மேர்வினின் முறை. யேசுரட்ணம் பின்னால் நின்று, ரவை போட்டுத் தயாராகச் சொன்னார். சுற்றிவர ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க ஆட்கள் இருந்தால் மேர்வினுக்கு ஒரு கை போதும்.

யேசுரட்ணத்தின் பாதுகாப்புக் கண்ணாடியில் புழுக்கத்துக்கு ஆவி படர்ந்திருந்தது. இன்னும் சுடத் தொடங்கவில்லைத்தானே என்று அதை நெற்றிக்கு ஏற்றி

[இந்த வசனத்தை முடிக்க மூன்று நாள் பார்த்தேன். முடியவில்லை. அரைவாசியிலேயே கிடக்கட்டும்.]

ரவை மறைப்புத் தட்டியைத் தாங்கிநின்ற இரும்புக் காலில் பட்டது. அதன் சிதறல் ஒன்று திரும்பி வந்தது. அவருடைய வலது கண்ணுக்கு.

சத்தம் அடங்கியதும் மேர்வின் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். ஒருவரும் அவனைக் கையைத் தூக்கச் சொல்லவில்லை.

7

ஆஸ்பத்திரி. வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். மற்றக் கண்ணையும் அசையக்கூடாதென்று சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மேர்வின் மேலே வரமாட்டேன் என்று கீழே வாசல் கேற்றடியில் நின்றுவிட்டான். தர்ஷனா கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆர், பிள்ளையே?"

"ஓம் சித்தப்பா."

"அழுறியோ?"

"இல்லை."

"கழகத்து ஆக்கள் இப்ப வருவினம், என்ன நடந்ததெண்டு கேக்க. நான் சொல்லப்போறன், பிழை என்ர எண்டு. எத்தினை பேரைக் கண்ணாடி போடச்சொல்லிப் பேசியிருப்பன்! கடைசியில நானே கழட்டினன். இனி அந்த வேலைக்கு நான் போகக்கூடாது. துவக்குப் பக்கமே போகமாட்டன்."

அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"மேர்வினை நினைக்கத்தான் நெஞ்சு பதறுது. விரல் வழுகிறது ஆருக்கும் வரும். நான் கண்ணாடியோட நிண்டிருந்தால் சிரிச்சுப்போட்டு வந்திருப்பம். இப்ப அவன் சாகுமட்டும் என்ர கண்ணை நினைச்சு உருகப்போறான். நான் அவனுக்குச் செய்தது துரோகம் பிள்ளை. என்னை மன்னிக்கச்சொல்லு அவனிட்ட."

ஐயோ, இதை அவர் சொல்லுவார் என்று நான் நினைக்கவேயில்லை. அவரைத் திட்டவைக்கத்தான் கட்டிலில் கிடத்தினேன்.

8

இரண்டு முடிவு எழுதிவைத்திருக்கிறேன்.

ஒன்று: அவள் சொல்கிறாள். போன கிழமையும் வழுகினது, தெரிந்துதான் விட்டோம் என்று. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறார். மேர்வினின் லைசென்ஸ் போகிறது, விசாரணை வருகிறது. பொறுப்பு நின்றவரையும் கட்டுக்கட்டின கண்ணோடு கூப்பிடுகிறார்கள். அவள் சித்தப்பா வீட்டுப் படலையைப் பிறகு ஒருநாளும் தாண்டவில்லை.

இரண்டு: அவள் சொல்லவில்லை. தோடம்பழம் உரித்துச் சுளைசுளையாக ஊட்டுகிறாள். அவர் அவள் கையால் தின்கிறார். தன் கண்ணுக்குத் தானே காரணமென்று நம்பிக்கொண்டே ஆள் கிழடாகிறார். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மேர்வின் வீட்டுக்குக் கேக் கொண்டுவந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்.

இரண்டாவது மிகச் சுலபமாக எழுத வந்தது. தர்ஷனாவுக்கு அந்த விசை இழுபட்டமாதிரி. அதில்தான் எனக்குப் பயம் பிடித்தது. றம்ஸானிடம் இரண்டையும் காட்டினேன். "ரெண்டாவதையே வை, அதில ஒருத்தருக்கும் சேதமில்லை" என்றான். என் கூட்டாளி நல்லவன்தான். அவனோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

9

என்னால் ஏலாது. நான் தர்ஷனாவின் கதிரையில் இருந்து பார்த்துவிட்டேன். எத்தனை தரம் இருந்தாலும் தோடம்பழம்தான் உரிக்கிறேன். நீங்கள் வாங்கோ, இருங்கோ.

படியில் கழகத்து ஆட்களின் சப்பாத்துச் சத்தம் கேட்கிறது. அவர் கட்டிலில் கையைத் துழாவி உங்களுடைய கையைப் பிடிக்கிறார். உங்களுடைய முகம் அவருக்குத் தெரியாது.

"பிள்ளை, அவையள் கேட்டால் நான் உறுதியாச் சொல்லவேணும். அவனுக்கு இப்பிடி வழுகினது இதுதானே முதல் தரம்?"

கை சூடாக இருக்கிறது. அவர் காத்திருக்கிறார்.

"என்ன பிள்ளை, சத்தத்தைக் காணேல்ல?"